அரைப் பக்கக் கதை, ஒரு முழு வகுப்பு



தமிழ் வகுப்பில் கதை என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் விரிவானப் பகுதியில் வரும் ஒரு சிறுகதையை நடத்தி முடிக்க நாலைந்து பாடவேளை ஆகிவிடுகிறது. திங்கட்கிழமை தொடங்கிய கதை வெள்ளிக்கிழமை முடியும்போது, தொடக்கத்தில் வந்தவர் யார் என்பதே பாதிப் பேருக்கு மறந்திருக்கும். கையோடு வினா விடை வந்துவிடும். ஒரு கதையை முழுசாக மனத்தில் ஏந்திப் பார்க்கும் சுகம் பிள்ளைக்குக் கிடைக்காமலே போகிறது. இலக்கியத்துக்குள் குழந்தைகளை அழைத்துப் போக மிகச் சிறிய கதைகளைத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். அரைப் பக்கம், மிஞ்சினால் ஒரு பக்கம். ஐந்து நிமிடத்தில் இரண்டு முறை வாய்விட்டு வாசித்துவிடலாம். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையும் முதல் வரிசைப் பிள்ளையும் அப்போது ஒரே கதையோடு உட்கார்ந்திருப்பார்கள். மீதி நேரம் முழுக்கப் பேசலாம்.

இதைச் செய்து காட்டியவர் ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய். 1859-இல் தன் ஊரான யாஸ்னயா போல்யானாவில் குடியானவர் வீட்டுப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் நடத்தத் தொடங்கினார். ‘போரும் வாழ்வும்’ என்ற மாபெரும் நாவலை 1869-இல் முடித்தவர், ‘அன்னா கரீனினா’வைத் தொடங்குவதற்கு முன் உழைத்தது ஓர் அரிச்சுவடிக்காக. 1872-இல் அது வெளிவந்தது. 1875-இல் ‘புதிய அரிச்சுவடி’யும் வந்தது. அந்த வரிசைக்காக அவர் எழுதிய கதைகளில் பல, அரைப் பக்கத்தைத் தாண்டாதவை. மாஸ்கோவிலிருந்து தமிழில் வந்து இறங்கிய மலிவுவிலைப் புத்தகங்களில் ரஷ்யக் கதைகளைப் படித்து வளர்ந்த தலைமுறை நம்மிடையே உண்டு. டால்ஸ்டாயின் அந்தக் குட்டிக் கதைகளில் ஒன்றில் வரும் வான்யா என்ற சிறுவனை அவர்களில் சிலருக்குத் தெரிந்திருக்கலாம்.

அம்மா பிளம்ஸ் பழம் வாங்கிவந்து, சாப்பாட்டுக்குப் பிறகு தரலாம் என்று தட்டில் வைத்திருக்கிறாள். வான்யா அதுவரை பிளம்ஸ் தின்றதே இல்லை. கிட்டே கிட்டே போய் மோந்து பார்க்கிறான். அறையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒன்றை எடுத்துத் தின்றுவிடுகிறான். சாப்பாட்டுக்கு முன் அம்மா எண்ணுகிறாள், ஒன்று குறைகிறது. அப்பாவிடம் சொல்கிறாள். யார் தின்றது என்று அப்பா கேட்க, எல்லாப் பிள்ளைகளும் இல்லை என்கிறார்கள். முகம் சிவந்துபோன வான்யாவும் இல்லை என்கிறான். அப்பா சொல்கிறார்: எடுத்தது தப்பு, ஆனால் என் கவலை அது இல்லை, கொட்டையை விழுங்கியவர் ஒரே நாளில் செத்துப்போவார். வான்யா வெளிறிப்போய், கொட்டையை ஜன்னல் வழியே எறிந்துவிட்டேன் என்கிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். வான்யா அழுகிறான். கதை முடிந்தது.

விதையை விழுங்கினால் வயிற்றில் மரம் முளைக்கும் என்ற மிரட்டலைக் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்த அப்பாவைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கொட்டை பற்றி அப்பா சொல்லும் இடத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். வான்யா என்ன சொல்வான் என்று ஆளுக்கொன்று சொல்லட்டும். பிறகு முடிவை வாசியுங்கள். கொட்டையை விழுங்கினால் யாராவது சாவார்களா, அப்படியானால் அப்பா சொன்னதும் பொய்தானே என்று ஒரு குரல் எழும். அந்தக் கேள்வியைத் தயவுசெய்து அடக்கிவிடாதீர்கள். இருவர் பொய் சொன்ன வீட்டில் ஒருவன் மட்டும் ஏன் அழுகிறான்? உடன்பிறந்தவர்கள் சிரித்தது நியாயமா? டால்ஸ்டாய் எதற்கும் பதில் எழுதி வைக்கவில்லை. இந்தக் கதையைப் ‘பொய் சொல்லக் கூடாது’ என்ற ஒரே வரியாகச் சுருக்கி, கரும்பலகையில் எழுதிப் போடுவது பிள்ளைகளிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொள்வதுதான்.

இன்னொன்றும் செய்யலாம். வான்யா மோந்து பார்க்கும் வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டுக் கதையை ஒரு முறை வாசியுங்கள். இப்போது அவன் பழம் திருடிய பையன், அவ்வளவுதான். அந்த வாக்கியத்தைத் திரும்பச் சேர்த்தால் நாம் அவன் பக்கம் வந்துவிடுகிறோம். ஒரு வாக்கியம் கதைக்குள் என்ன வேலை செய்கிறது என்பதைப் பத்து வயதுப் பிள்ளை இப்படித் தானே கண்டுகொள்ளும். முப்பது பக்கக் கதையில் இதைச் செய்து பார்க்க முடியாது.

பிள்ளைகளை எழுதவைக்கவும் இதே வழிதான். பழமொழியை வைத்துக் கதை எழுதச் சொன்னபோது தன் மாணவர்கள் முதலில் திகைத்ததையும், தாமே எழுத உட்கார்ந்ததும் அவர்கள் சூழ்ந்துகொண்டு திருத்தம் சொன்னதையும் டால்ஸ்டாய் 1862-இல் ஒரு கட்டுரையில் விவரிக்கிறார். ஃபெத்கா என்ற சிறுவன், கதையில் வரும் ஒரு குடியானவர் வீட்டிலிருந்து கிளம்பும்போது பெண்பிள்ளையின் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார் என்று சேர்க்கச் சொல்கிறான். அவசரத்தில் கைக்கு அகப்பட்டதைப் போட்டுக்கொண்டு வரும் மனிதர் அந்த ஒரு கோட்டில் கண்முன் நின்றுவிட்டார் என்று வியந்துபோகிறார் ஆசிரியர். எழுதக் கற்கவேண்டியது அவர்களிடம் நாமா, நம்மிடம் அவர்களா என்பதுதான் அந்தக் கட்டுரையின் தலைப்பே.

ஒன்பது, பத்தாம் வகுப்புக்குக் காஃப்காவின் எலிக் கதையைக் கொடுக்கலாம். உலகம் நாளுக்கு நாள் குறுகுகிறதே என்று எலி புலம்புகிறது. பூனை ஒரு யோசனை சொல்கிறது. சொல்லிவிட்டு எலியைத் தின்றுவிடுகிறது. சில வரிகளே உள்ள இந்தக் கதையில், பூனை சொன்ன யோசனை சரிதானா என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். இப்படிப் பழகிய பிள்ளை அடுத்து கி. ராஜநாராயணனின் ‘கதவு’க்குப் போகலாம். பிள்ளைகள் ஏறி விளையாடிய கதவைத் தீர்வைப் பாக்கிக்காகக் கழற்றிக்கொண்டு போகிற அந்தக் கதையில், கதவின்மேல் என்ன ஒட்டியிருந்தது, யார் அதைத் துடைத்தார்கள் என்றெல்லாம் பார்க்க அந்தப் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

இந்த இதழின் நடுப்பக்கங்களில் சில குறுங்கதைகளைத் தந்திருக்கிறோம். எதன் அடியிலும் நீதி இல்லை, கேள்வியும் இல்லை. வீட்டிலோ வகுப்பிலோ வாசித்துக் காட்டுங்கள். கேட்ட பிள்ளைகள் என்ன சொன்னார்கள், என்ன கேட்டார்கள் என்பதை அவர்கள் பேச்சிலேயே எழுதி அனுப்புங்கள். எழுத்துப் பிழையைக்கூடத் திருத்த வேண்டாம். வருகிறவற்றை அப்படியே அடுத்த இதழில் அச்சிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்