இசைந்த பணிவும் இறைநம்பிக்கையும்

1947ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள், இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் மணக்கோலத்தில் நின்ற இளவரசி எலிசபெத், கணவருக்குக் கீழ்ப்படிந்து நடப்பேன் என்று வாக்களித்தார். ஆறாண்டு நிறைவதற்குள், 1953 சூன் 2 அன்று, அதே பேராலயத்தில் முடிசூடி வீற்றிருந்த அவர்முன் கணவர் பிலிப் மண்டியிட்டார். தம் இரு கைகளையும் மனைவியின் கைகளுக்கிடையே வைத்து, வாழ்நாள் முழுதும் அவருக்கு ஊழியனாயிருப்பதாகச் சூளுரைத்தார். பின் எழுந்து முடியைத் தொட்டு, மனைவியின் கன்னத்தில் முத்தமிட்டார். மணநாளில் பணிந்தவர் மனைவி, முடிசூட்டு நாளில் பணிந்தவர் கணவர். இருவரும் சிறுமையுற்றதாக அந்நாட்டு மக்கள் எண்ணவில்லை. இரு நாளிலும் வாக்கைக் கேட்ட பீடம் ஒன்றே. பணிந்தவரைப் போலவே பணிவைப் பெற்றவரும் அப்பீடத்தின்முன் தலைகுனிந்தே நின்றார்.

தன்னுரிமையும் தெளிந்த அறிவும் உடைய இருவர், தம்முள் ஒருவர் வழிநடத்தவும் மற்றவர் பணிந்தொழுகவும் மனமொத்து வாழ்வதும், அவ்வாழ்வையே வழிபாடாகக் கொள்வதும் உலகெங்கும் காணப்படுகின்றன. சிலரிடத்து அது மணநாள் வாக்கோடு நின்றுவிடும். சிலரிடத்து உண்பது, உடுப்பது, செலவிடுவது, காமம் துய்ப்பது ஈறாக நீளும். பணிபவர் பெண்ணாகவே இருக்க வேண்டும் என்பதுமில்லை. இவர்களைக் குறித்து இருவேறு தீர்ப்புகள் எளிதில் வழங்கப்படுகின்றன. தற்கால நாகரிகம் பேசுவோர் இதனை அடிமைத்தனம் என்று தள்ளுகின்றனர். சமயப் பழைமை பேசுவோர் இதனைக் கடமை என்று தலைமேற் கொள்கின்றனர். முன்னவர்க்குப் பணிபவரின் இசைவில் நம்பிக்கை இல்லை. பின்னவர்க்கோ அந்த இசைவே தேவையில்லை. இரண்டும் ஒருங்கே பிழை என்பது எமது கருத்து.

ஆணையிடுவதிலும் பணிவதிலும் இன்பம் காணும் நாட்டமே ஒரு நோய் என்னும் பேச்சை மருத்துவ உலகம் ஏறத்தாழக் கைவிட்டுவிட்டது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு, நாட்டத்தையும் நோயையும் பிரித்துக் காட்டியது. ஒருவர்க்கு அதனால் துன்பமோ, இசையாத பிறர்க்குத் தீங்கோ நேருமிடத்துத்தான் அது நோயெனப்படும். உலக நலவாழ்வு அமைப்பின் ஐசிடி-11 பட்டியலும் 2022 சனவரி முதல் அவ்வழியே நடக்கிறது. இவ்வாழ்வை ஒளிவின்றி மேற்கொள்வோர் தமக்குள் வகுத்துக்கொண்ட ஒழுங்கும் குறிக்கத்தக்கது. எது கூடும், எது கூடாது என்று முன்னதாகவே அமர்ந்து பேசி எல்லை வகுக்கின்றனர். ஒரு சொல்லை இருவரும் குறித்து வைத்துக்கொள்கின்றனர். பணிபவர் அச்சொல்லை உரைத்த அக்கணமே அனைத்தும் நின்றுவிட வேண்டும். காரணம் கேட்டல் ஆகாது. கோயில் வாசலை மிதியாத பலரும் கைக்கொள்ளும் இந்நெறி, நாள்தோறும் விளக்கேற்றும் எத்தனை இல்லங்களில் உண்டு?

இறைநம்பிக்கை இவ்வுறவினுள் நுழையும்போது அது யாரைக் கட்டுகிறது என்பதே வினா. பணிபவரை அது கட்ட வேண்டியதில்லை. அவர் தம்மைத் தாமே கட்டிக்கொண்டவர். நம்பிக்கைக்கு இங்கு ஒரு வேலை உண்டெனில், அது ஆணையிடும் இடத்தில் இருப்பவரைக் கட்டுவதே. அவர் தலைக்கு மேலே கணக்குக் கேட்கும் ஒருவர் உண்டு என்பதை அவர் மறவாதிருக்கச் செய்வதே.

புனித பவுலின் எபேசியர் திருமுகத்தை எடுத்துக்கொள்வோம். மனைவியர் கணவர்க்குப் பணிக என்னும் அறிவுரை அதன் ஐந்தாம் அதிகாரத்தின் இருபத்திரண்டாம் வசனமாக நிற்கிறது. பலரும் அங்கிருந்துதான் படிக்கத் தொடங்குகின்றனர். அதற்கு முந்தைய வசனமோ, ஒருவர்க்கொருவர் பணிந்திருங்கள் என்று அனைவர்க்கும் பொதுவாகச் சொல்கிறது. பின்வருவனவற்றிலும் மனைவியர்க்குச் சொன்னதைக் காட்டிலும் கணவர்க்கு இட்ட கட்டளையே நீளமானது: மனைவிக்காகத் தன்னையே கையளிக்கும் அளவு அன்பு செலுத்துக என்பது அது. இருபத்தொன்றை விடுத்து இருபத்திரண்டை ஓதுவோர் ஆணையிடுபவரின் கட்டை அவிழ்த்துவிட்டுப் பணிபவரின் கட்டை மட்டும் இறுக்குகின்றனர்.

அமெரிக்காவின் தெற்கத்திய பாப்டிஸ்டு திருச்சபைப் பேரவை 1998 சூன் மாதம் தன் நம்பிக்கை அறிக்கையில் குடும்பம் பற்றி ஒரு பகுதியைச் சேர்த்தது. கணவனும் மனைவியும் கடவுள்முன் சமமதிப்புடையோர் என்று அது கூறியது. கணவனின் ஊழியத் தலைமைக்கு மனைவி மனமுவந்து பணிக என்றும் கூறியது. முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர், தம் வாழ்நாளெல்லாம் சார்ந்திருந்த அவ்வமைப்பின் இறுகிய போக்கு தமக்கு உடன்பாடன்று என்று சொல்லி 2000 அக்டோபரில் உறவை முறித்துக்கொண்டார். ஞாயிறு பள்ளியில் விவிலியம் கற்பித்த மனிதர் அவர். நம்பிக்கையற்றவரென்று யாரும் அவரைச் சொல்லிவிட முடியாது. 2022 மே மாதம் வெளியான விசாரணை அறிக்கை, அப்பேரவையின் நிருவாகக் குழுவினர், போதகர்களால் பாலியல் கொடுமைக்கு ஆளானோரின் முறையீடுகளை ஆண்டுக்கணக்கில் தட்டிக்கழித்ததையும், குற்றஞ்சாட்டப்பட்டோரின் பட்டியலொன்றைத் தமக்குள்ளேயே வைத்திருந்ததையும் வெளிக்கொணர்ந்தது. 1998இன் வாசகமே இதற்குக் காரணம் என்று யாம் சொல்லவில்லை. ஆயினும், கீழிருப்போரின் பணிவை எழுத்தில் வடித்த அவை, மேலிருப்போரின் பொறுப்பை அதே கண்டிப்போடு கேட்கவில்லை என்பது வெளிப்படை.

பணிவைக் கேட்பவர் எத்துணைக் கட்டுப்பட்டிருத்தல் வேண்டும் என்பதற்குக் கிறித்தவ மரபிலேயே பழஞ்சான்று உண்டு. ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் புனித பெனடிக்ட் வகுத்த துறவு ஒழுங்கு, கீழ்ப்படிதலைத் துறவியின் முதற்பண்பாக வைக்கிறது. ஆனால், மடத்தின் கதவைத் தட்டுபவரை உடனே உள்ளே விடலாகாது என்கிறது அது. நான்கைந்து நாள் வெளியே காத்திருக்கச் செய்ய வேண்டும். உள்ளே வந்தபின் இரண்டு திங்கள் கழித்து ஒழுங்கு நூல் முழுவதையும் அவர்க்குப் படித்துக்காட்டுவர். இதுதான் நீ ஏற்கப்போகும் சட்டம், இயலுமாயின் தங்கு, இயலாதெனில் தடையின்றிச் செல் என்பர். பின் ஆறு திங்கள் கழித்து மீண்டும் படிப்பர். அதன்பின் நான்கு திங்களில் மூன்றாம் முறை. இவ்வாறு ஓராண்டு முழுவதும் எண்ணிப்பார்த்தவரிடத்துத்தான் வாக்குப் பெறப்படுகிறது. வாக்களித்தபின் வெளியேறுதல் தகாது என்று ஒழுங்கு கண்டிப்புடன் சொல்வது மெய்யே. என்றாலும் அவர் அணிந்து வந்த பழைய உடையை எறிந்துவிடாமல் மடத்தின் உடையறையில் பாதுகாத்து வைக்கச் சொல்கிறது. என்றேனும் அவர் போக நேர்ந்தால் அதை உடுத்திக்கொண்டு போவதற்காக. அலமாரியில் மடித்து வைத்த அந்தப் பழந்துணிக்கு ஈடாக நம் மணமன்றங்களில் எதையேனும் காட்ட முடியுமா?

அதே நூல் மடத்தலைவரை எங்ஙனம் நடத்துகிறது என்பதும் காண்க. தம் பொறுப்பிலுள்ள ஒவ்வோர் ஆன்மாவுக்கும் இறுதித் தீர்ப்பில் அவரே கணக்குக் கொடுக்க வேண்டும். முதன்மையான எதையும் முடிவுசெய்யுமுன் எல்லாத் துறவியரையும் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். இளையவர் வாயிலாகவும் இறைவன் நல்லதை உணர்த்தக்கூடும் என்பது காரணம். இயலாத பணி ஒன்று இடப்பட்டால், தம் இயலாமையைத் தக்க நேரத்தில் எடுத்துரைக்கத் துறவிக்கு இடமுண்டு. பின்னாளில், 1983இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 630ஆம் விதியில், தம் ஆணைக்கு உட்பட்டவரை உள்ளத்தைத் திறந்து காட்டுமாறு தலைவர்கள் எவ்வகையிலும் தூண்டலாகாது என்று தடுத்தது. ஆணையிடும் கையும் அகத்தை அறியும் காதும் ஒரே ஆளிடம் சேரலாகாது என்பதைச் சட்டம் வகுத்தோர் அறிந்திருந்தனர்.

அவ்விரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் விளைவதை அண்மையில் உலகம் கண்டது. கனடா நாட்டவரான ழான் வனியே, 1964இல் பிரான்சின் துரோஸ்லி-புரோய் என்னும் சிற்றூரில் தொடங்கிய லார்ஷ் இல்லங்கள், அறிவுவளர்ச்சிக் குறையுடையோரும் பிறரும் ஒரே கூரையின்கீழ் வாழ்வதற்கு வழி செய்தவை. இந்தியாவில் அவை ஆஷா நிகேதன் என்ற பெயரால் அறியப்படுகின்றன. வனியேவைப் புனிதர் என்றே பலர் போற்றினர். 2019இல் அவர் மறைந்தார். மறு ஆண்டு, அவர் நிறுவிய அமைப்பே நடத்துவித்த ஆய்வு, ஆன்மிக வழிகாட்டுதல் நாடி வந்த பெண்கள் அறுவரையேனும் அவர் பாலியல் முறையில் பயன்படுத்திக்கொண்டதை வெளியிட்டது. 2023இன் விரிவான அறிக்கை அவ்வெண்ணிக்கை 25க்குக் குறையாது என்றது. அவர்கள் எவரும் குழந்தையரல்லர், அறிவுக் குறையுடையோருமல்லர். பலர் தாமே விரும்பி அவரிடம் தம்மை ஒப்படைத்தவர்கள்தாம். ஒப்படைப்பு இறைவனுக்கென்று அவர்கள் எண்ணியிருந்தனர். அதை வாங்கிக்கொண்டவரோ அதைத் தமக்குரியதாக்கிக் கொண்டார். இடையில் நின்று கேட்பதற்கு எவருமில்லை. மறைக்காமல் தன் நிறுவனரின் குற்றத்தைத் தானே அச்சிட்டு வெளியிட்ட அவ்வமைப்பின் துணிவை இங்கே பாராட்டுவதும் முறையே.

நம் மரபுக்கு வருவோம். கணவனையே தெய்வமாகத் தொழும் மனைவியைப் போற்றும் குறள் வாழ்க்கைத்துணைநலம் அதிகாரத்தில் உண்டு. அதைச் சுற்றி எழுந்த வழக்கு ஓயவில்லை. இங்கே அதைத் தீர்க்க முற்படோம். எனினும், தெய்வத்தின் இருக்கையில் கணவன் ஏறி அமர்ந்துவிட்டால், அவன் தவறுமிடத்து அவள் முறையிட வேறொரு பீடம் இல்லாது போகிறது.

சேக்கிழார் காட்டும் காரைக்கால் அம்மையார் அவ்வாறு அமர்த்தியவரல்லர். அவர் கணவனான வணிகன் பரமதத்தன் வீட்டுக்கு அனுப்பிய மாங்கனி இரண்டு. பசித்து வந்த சிவனடியார்க்கு, புனிதவதியார் என்னும் இயற்பெயருடைய அம்மையார் கணவனைக் கேளாமலே ஒன்றைப் படைத்தார். மற்றொன்றை உண்ட கணவன், சுவை மிகுதியால் இன்னொன்றையும் கேட்டபோது, இறைவனை வேண்டிப் பெற்ற கனியைக் கொண்டுவந்து இட்டார். இது எங்கிருந்து வந்தது என்று அவன் வினவ, மறைக்கவில்லை. நம்பாத அவன் மற்றும் ஒன்று தருவிக்கச் சொல்ல, அதுவும் வந்து அவன் கையில் மறைந்தது. அஞ்சிய பரமதத்தன் வாணிகத்தின் பெயரால் கலமேறிப் பாண்டி நாடு புகுந்து, வேறொரு பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டான். உறவினர் அம்மையாரை அழைத்துவந்தபோது, மனைவியோடும் மகளோடும் அவர் அடியில் வீழ்ந்தான்.

இக்கதையைக் கற்பின் பெருமை என்று கூறுவோர் உளர். எமக்குப் பரமதத்தனே கண்ணில் நிற்கிறான். தன்னோடு இருப்பவளுக்குத் தனக்கும் மேலான ஒரு சொந்தம் உண்டென்று கண்டதும் அவன் ஆணையிடும் இடத்தை விட்டு இறங்கிவிட்டான். சொல்லாமல் ஓடிப்போனது கோழைமையே. அதை யாம் மறுக்கவில்லை. ஆயினும் அந்த வல்லமையைத் தன் உடைமையாக்க அவன் முயலவில்லை. அம்மையாரும், கணவனுக்கெனத் தாங்கிய உடலழகை அவன் வேண்டாதபோது இறைவனிடம் திருப்பிக் கொடுத்துப் பேயுருவம் பெற்றார். தந்ததை மீட்டுக்கொள்ளும் உரிமை தந்தவரிடமே இருந்தது.

மணவுறவில் மட்டுமன்று, குரு-மாணவர் உறவிலும் இதைக் காணலாம். இராமாநுசர் பதினெட்டு முறை நடந்து திருக்கோட்டியூர் நம்பியிடம் மறைபொருளைப் பெற்றார் என்றும், எவர்க்கும் வெளியிடேன் என்று கொடுத்த வாக்கை மீறிப் பலர்க்கும் அதை உரைத்தார் என்றும் குருபரம்பரை நூல்கள் கூறும். சினந்து வந்த ஆசான், மாணவர் காட்டிய காரணத்தைக் கேட்டுத் தழுவிக்கொண்டார். எம்பெருமானார் என்று பெயரும் சூட்டினார். குருவின் சொல்லே முடிந்த முடிபு என்று மேடைதோறும் முழங்குவோர், அதே குருபரம்பரை ஏன் இந்த மீறலைப் பொன்போற் போற்றி வைத்திருக்கிறது என்பதையும் சொல்லட்டும்.

இனி, நம் சட்டத்தின் நிலை. 2024 சூலை 1 முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவு, பதினெட்டு வயது நிரம்பிய மனைவியிடம் கணவன் வலிந்து கொள்ளும் உறவை வன்புணர்ச்சி என்னும் குற்றத்திலிருந்து விலக்கியிருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்திலிருந்த அதே விலக்குப் பற்றி 2022 மே 11 அன்று தில்லி உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் இருவரும் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினர். 2024 அக்டோபரில் ஒன்றிய அரசு, விலக்கை நீக்கலாகாது என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. மணவறையில் ஒருமுறை தலையசைத்ததே வாழ்நாளெல்லாம் செல்லும் இசைவு என்று சட்டம் கொள்ளுமாயின், இசைந்த பணிவு என்பதற்கே இந்நாட்டில் பொருளில்லை. மறுக்க இயலாதவர் இசைந்தார் என்று எதைக்கொண்டு சொல்வது? கணவர்க்கு மனமாரப் பணிந்து வாழும் நம்பிக்கையுள்ள பெண்ணே இவ்விலக்கு நீங்க வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டியவள். அவள் தரும் கொடைக்கு அவள் உரிமையாளர் என்பதை அது மறுக்கிறது.

சட்டம் திருந்தும்வரை சமயத் தலைவர்கள் காத்திருக்கத் தேவையில்லை. மணத்திற்கு முன் மணமக்களைத் தனித்தனியே அமர்த்தி, விருப்பத்தோடுதான் இசைந்தீரா என்று கேட்டு எழுதிக்கொள்ளும் வழக்கம் கத்தோலிக்கப் பங்குகளில் உண்டு. அக்கேள்வி மணநாளோடு முடிந்துவிடுகிறது. ஐந்தாண்டு, பத்தாண்டு கழித்தும் அதைக் கேட்கலாம். பங்கில் மட்டுமல்ல, பள்ளிவாசல் ஜமாஅத்திலும் மடத்திலும் சாதிச் சங்கத்திலும் கேட்கலாம். முறையிட வந்தவரைத் தனியே கேட்க வேண்டும். ஆணையிடுபவரை அருகிருக்கையில் அமர்த்திக்கொண்டு கேட்டலாகாது. அனுசரித்துப் போ, பிள்ளைகளை நினைத்துப் பார், அடுத்த மாதம் வா என்று திருப்பியனுப்புவதை நிறுத்திவிட்டு, அவர் யாருக்குப் பணிந்தாரோ அந்த மனிதரை அழைத்துக் கணக்குக் கேட்பதை இந்த ஆண்டே தொடங்கலாம்.