கடல்சார் கம்பியில்லாத் தொடர்பில் பொதி மோதல்

பொதி மோதல் என்பது, ஒரே வானலைத் தடத்தைப் பகிரும் கருவிகள் ஒரே நேரத்தில் தரவுப் பொதிகளை அனுப்பும்போது, அவை ஒன்றோடொன்று கலந்து பெறுநரால் படிக்க இயலாமற் போகும் நிலை ஆகும். மீன்பிடிப் படகுகளில் செயற்கைக்கோள் வழிக் கருவிகள் பொருத்தப்பட்டு வருவதால், செங்கல்பட்டு மாவட்டத்தின் மாமல்லபுரம் கடற்கரை போன்ற பகுதிகளில் இது உயிர்ப் பாதுகாப்புச் சிக்கலாகவும் அமைகிறது.

பின்னணி

கோவளம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் முதலியன இக்கடற்கரையின் மீனவ ஊர்கள் ஆகும். 2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. ஆழ்கடலில் கைப்பேசித் தொடர்பு கிடைப்பதில்லை. இக்குறையைப் போக்க இஸ்ரோ உருவாக்கிய இடர் எச்சரிக்கைக் கருவி 2010 முதல் பயன்பாட்டில் உள்ளது. 2024 ஜனவரியில் அறிமுகமான அதன் இரண்டாம் தலைமுறை, செய்தி கிடைத்ததற்கான ஒப்புகையைப் படகுக்குத் திருப்பி அனுப்புகிறது. 1 லட்சம் படகுகளில் இருவழித் தொடர்புக் கருவிகளைப் பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கி வைக்கப்பட்டது.

மோதலின் கணக்கு

பகிர்தடத்தில் முன்னனுமதியின்றிப் பொதிகளை அனுப்பும் முறையை, ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் 1971இல் அலோகா வலையமைப்பில் செயற்படுத்தினர். இம்முறையில் தடத்தின் கொள்ளளவில் அதிக அளவாக 18.4 விழுக்காடே பயன்படும்.

எடுத்துக்காட்டாக, ஒரு செய்திக்கு அரை நொடி ஆகும் எனக் கொள்வோம். நிமிடத்திற்கு 6 செய்திகள் அனுப்பப்பட்டால் சராசரியாக 90 விழுக்காடு சேரும். 60 அனுப்பப்பட்டால் ஏறத்தாழ 22 சேரும். 120 அனுப்பப்பட்டால் 16 மட்டுமே சேரும். அதாவது, ஓர் எல்லைக்கு மேல் அனுப்புவோர் பெருகப் பெருகச் சேர்பவை குறைகின்றன. நேரத்தைச் சம கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறின் தொடக்கத்தில் மட்டும் அனுப்பச் செய்தால் அதே 120இல் 44 சேரும்.

தீர்வு முறைகள்

வைஃபை கருவிகள் தடம் காலியாக உள்ளதா எனக் கேட்டறிந்த பின்னரே அனுப்புகின்றன. கடலில் இது பயன்தராது. தொலைவிலுள்ள இரு படகுகள் ஒன்றையொன்று கேட்க இயலாது. ஆயினும் 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோள் இரண்டையும் கேட்கும். இது மறைமுனைச் சிக்கல் எனப்படுகிறது.

ஒரே பொதியின் இரு படிகளை வெவ்வேறு நேரக்கூறுகளில் அனுப்புவது ஒரு தீர்வாகும். மோதாத படியைப் படித்து, அதன் அலையை மோதிய இடத்திலிருந்து கழித்தால் அங்குள்ள மற்றைய பொதியும் வெளிப்படும். இதையொத்த கழித்தல் கருத்தைக் கொண்டு, சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற சியாம்நாத் கொல்லகோட்டா, டினா கட்டாபியுடன் இணைந்து 2008இல் வைஃபைக்கான 'சிக்சாக்' குறிநீக்க முறையை வெளியிட்டார்.

மதிப்பீடு

ஒப்புகை இல்லாத கருவி, செய்தி சேர்ந்ததா என்று அறியாமல் மீண்டும் மீண்டும் அனுப்ப வேண்டியுள்ளது. அதுவே நெரிசலைக் கூட்டுகிறது. ஒப்புகை பெற்ற கருவி ஓய்ந்து பிறருக்கு வழிவிடலாம். எனவே ஒப்புகை மீனவருக்கு மன உறுதி தருவதோடு, மற்ற படகுகளின் அழைப்பு சேரவும் உதவக்கூடியது. இத்தகைய அமைப்பின் திறனை அமைதியான நாளின் செயற்பாட்டைக் கொண்டு அளவிட முடியாது. பல படகுகள் ஒருசேர உதவி கோரும் புயல் வேளையில், வழக்கமான இருப்பிடச் செய்திகள் ஒதுங்கி இடர்ச் செய்திகளுக்கு முன்னுரிமை கிடைக்கிறதா என்பதே உரிய அளவுகோல் ஆகும்.