பியானோவும் பிரயோஜனமும்

"பியானோ கற்றுக்கொண்டால் குழந்தைக்கு என்ன பிரயோஜனம்?" என்று கேட்கும் தகப்பன்மார்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. மாதச் சம்பளத்தில் வாடகையும் பள்ளிக்கூடக் கட்டணமும் போக மிச்சத்தை எண்ணிப் பார்க்கிறவன் அப்படித்தான் கேட்பான், கேட்க வேண்டியதுதான். என் கோபமெல்லாம் அவனுக்குப் பதில் சொல்லுகிறவர்கள்மீது. மூளை வளரும், கணக்கு வரும், ஞாபக சக்தி பெருகும், பரீட்சையில் மார்க்கு ஏறும் என்று சந்தையில் லேகியம் விற்கிறவனைப்போல் அல்லவா அடுக்குகிறார்கள்! ஸ்ரீபெரும்புதூரில் தொழிலாளி நண்பர் ஒருவர் என்னிடம் காட்டிய துண்டுப் பிரசுரத்தில் இந்த நான்கும் இருந்தன. ஐந்தாவதாக, கோபம் தணியும் என்றும் இருந்தது. அதைப் படித்ததும் எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

இந்த லேகியத்தின் பூர்வ கதை வேடிக்கையானது. 1993-ல் அமெரிக்காவில் மூன்று ஆராய்ச்சியாளர்கள் 36 கல்லூரி மாணவர்களை மொஸார்ட்டின் பியானோ இசையைப் பத்து நிமிஷம் கேட்கச் செய்துவிட்டு, காகிதத்தை மடித்து வெட்டிப் பிரித்தால் எப்படி இருக்கும் என்பதுபோன்ற புதிர்களைக் கொடுத்தார்கள். மதிப்பெண் கொஞ்சம் கூடுதலாக வந்தது. கால் மணி நேரத்துக்குள் அந்தப் பலனும் மறைந்துவிட்டது. நடந்தது அவ்வளவுதான். ஆனால் 1998-ல் ஜார்ஜியா மாகாணத்துக் கவர்னர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் இசைத்தட்டு கொடுப்பதற்காகச் சர்க்கார் பணத்திலிருந்து 1,05,000 டாலர் கேட்டார். காகிதம் மடித்தவர்கள் கல்லூரிப் பையன்கள். மருந்து ஊற்றப்பட்டது தொட்டில் குழந்தைக்கு!

கேட்பது வேறு, கற்பது வேறு என்பார்கள். நியாயம்தான். அதையும் பரீட்சித்தார்கள். 2004-ல் டொராண்டோவில் ஷெல்லன்பர்க் என்பவர் ஆறு வயதுக் குழந்தைகள் 144 பேரைக் கொண்டு செய்த சோதனையில், ஒரு வருஷம் கீபோர்டோ வாய்ப்பாட்டோ கற்ற குழந்தைகளின் அறிவுத்திறன் அளவு 7 புள்ளி ஏறியது. நாடகம் கற்ற குழந்தைகளையும் ஒன்றுமே கற்காத குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தால் 4.3 புள்ளி ஏறியிருந்தது. பிறகு 2020-ல் சாலா, கோபெ என்ற இருவர் 54 ஆராய்ச்சிகளை, ஏறக்குறைய 7,000 குழந்தைகளின் கணக்கை, ஒன்றாகக் கொட்டிச் சலித்துப் பார்த்தார்கள். ஒழுங்காக நடத்தப்பட்ட சோதனைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் சல்லடையில் ஒன்றும் தங்கவில்லை. கணக்கு வர வேண்டுமானால் பிள்ளை கணக்குப் போட வேண்டும், அவ்வளவுதான்.

அப்படியானால் பியானோ வேண்டாமா என்றால், வேண்டும் என்பதே என் கட்சி. லேகியக்காரர்கள் செய்த பெரிய கெடுதல் இதுதான்: மார்க்குக்காக என்று சொல்லி வீட்டுக்குள் கொண்டுவந்த சங்கீதத்தை, மார்க்கு ஏறாத அன்றைக்கே வெளியே அனுப்பிவிடலாம். பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்ததும் முதலில் நிறுத்தப்படுவது பாட்டு வகுப்பா, டியூஷனா என்று உங்கள் தெருவிலேயே விசாரித்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். பெரிய அதிகாரியின் மகள் பியானோ வாசித்தால் 'எவ்வளவு ரசனையுள்ள குடும்பம்!' என்கிறோம். யாரும் அங்கே பிரயோஜனத்தைக் கேட்பதில்லை. அசெம்பிளி லைனில் நிற்கிறவன் மகள் அந்தக் கட்டைகளைத் தொட ஆசைப்பட்டால் மட்டும், வட்டிக் கடைக்காரனைப்போல் வரவு செலவைப் புரட்டுகிறோம். ஏன், ஏழைக் குழந்தைக்குச் சந்தோஷம்கூடக் காரணம் காட்டித்தான் கிடைக்க வேண்டுமா?

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், வல்லம் வடகால், ஒரகடம் என்று நீளும் இந்த வட்டாரத்துக்கு 1990-களின் கடைசியில் கார் வந்தது. அப்புறம் கைபேசி வந்தது. நோக்கியா 2014-ல் கதவைச் சாத்திக்கொண்டு போனது. மோட்டார் சைக்கிளும் லாரியும் வந்தன. இத்தனைக்கும் பிறகு, 2019-ல் யமஹா தன் இசைக்கருவித் தொழிற்சாலையை இங்கே ஆரம்பித்துக் கீபோர்டுகளும் கித்தார்களும் செய்யத் தொடங்கியது. சங்கீதத்துக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தமில்லை என்று இனி எவரும் சொல்ல முடியாது. பக்கத்துச் சர்க்கார் பள்ளிக்கூடங்களில் படிக்கும் குழந்தைகளில் எத்தனை பேர், தங்கள் ஊரிலேயே செய்யப்படும் அந்தக் கீபோர்டின் ஒரு கட்டையையாவது அழுத்திப் பார்த்திருப்பார்கள்? தறி நெய்தவன் கோவணம் கட்டிய பழைய கதைதான்.

பியானோ என்றதும் கூடத்தை அடைக்கும் கறுப்புப் பெட்டியை நினைத்துப் பயப்பட வேண்டாம். 88 கட்டைகள் உள்ள அந்த ராட்சசன் இல்லாவிட்டால் போகிறது. 61 கட்டைகளோடு மேஜைமேல் அடங்கும் மின்சாரக் கீபோர்டு ஒரு குழந்தைக்குப் பல வருஷங்களுக்குப் போதும்.

அதில் அந்தக் குழந்தைக்கு என்ன கிடைக்கிறது? அதன் தகப்பனுடைய கைகளை நினைத்துக்கொண்டு பாருங்கள். ஷிப்டு முழுவதும் ஒரே திருகாணி, ஒரே அசைவு; அதற்கு எத்தனை வினாடி என்பதையும் வேறொருவர் தீர்மானித்துவிட்டார். பியானோவின்முன் உட்கார்ந்த குழந்தைக்கோ இரண்டு கைக்கும் இரண்டு வேலை. நம் வீடுகளில் இடது கைக்குக் கொடுக்க உரிமையில்லை, வாங்க உரிமையில்லை. இங்கே பாதி ராஜ்யம் அதனுடையது. வலது கை பாடும்போது இடது கை கூடவே நடக்க வேண்டும். ஒன்று தவறினால் இன்னொன்று காத்திருக்கும். தப்பு வந்தால் சம்பளம் பிடிக்க மேஸ்திரி இல்லை. திரும்ப வாசித்தால் சரியாகப் போயிற்று. தாளத்தை எண்ணுவதும் குழந்தைதான், வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் குழந்தைதான். தன் நேரத்துக்குத் தானே எஜமானாக அரைமணி நேரம் இருந்து பார்ப்பதென்பது இந்த ஊரில் சின்ன விஷயமல்ல. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளிகளின் குழந்தைகள் தமிழ் வகுப்பில் திருதிருவென்று விழிக்கின்றன. கட்டையைத் தட்டும்போது அவையும் மற்றக் குழந்தைகளும் ஒரே பாஷைதான் பேசும்.

"அந்நிய வாத்தியம் எதற்கு? வீணை இல்லையா, நாதஸ்வரம் இல்லையா?" என்று ஒரு கோஷ்டி கிளம்பும். இருக்கின்றன, அவற்றையும் கற்றுக்கொடுங்கள், யார் தடுத்தார்கள்? கட்டை வாத்தியத்தில் கமகம் பிடிபடாது என்பது உண்மை. இதற்காகவே ரேடியோக்காரர்கள் 1940-ல் ஆர்மோனியத்தைத் தள்ளிவைத்தார்கள். ஆனால் இந்தக் காஞ்சிபுரம் சீமையின் கூத்துக்காரர்கள் தள்ளிவைக்கவில்லை. விடிய விடியக் கர்ணனும் துரியோதனனும் அடவு போடுவது ஆர்மோனியப் பெட்டியின் சுருதியில்தான். வயலின் எங்கிருந்து வந்தது? வெள்ளைக்காரனிடம் அதைக் கற்றுக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர் முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர். தீட்சிதரே பாண்டு வாத்திய மெட்டுகளுக்குச் சாகித்யம் செய்து நோட்டுஸ்வரம் என்று நமக்குக் கொடுத்திருக்கிறார். அந்தப் பெரியவருக்கு வராத பயம் இவர்களுக்கு ஏன் வருகிறதோ!

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்கலாம். 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று வருஷ லாபத்தின் சராசரியில் நூற்றுக்கு 2 பங்கைப் பொதுக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும். தாங்கள் தொழில் நடத்தும் வட்டாரத்துக்கு முதலிடம் தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. இந்தச் சாலையில் அப்படிப்பட்ட கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை. பெஞ்சும் தண்ணீர்த் தொட்டியும் வாங்கிக் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்கிறவர்கள், பள்ளிக்கூடத்துக்குப் பத்துக் கீபோர்டு கொடுத்தால் குறைந்துபோவார்களா?

கருவியைவிடக் கஷ்டம் வாத்தியார். 2012-ல் நம் சர்க்கார் ஓவியம், சங்கீதம், தையல், உடற்பயிற்சி முதலியவற்றுக்காக 16,000-க்கும் மேற்பட்டவர்களைப் பகுதிநேர ஆசிரியர்களாக, வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலைக்கு, மாதம் 5,000 ரூபாயில் நியமித்தது. சம்பளம் பிற்பாடு சிறிது சிறிதாக ஏறியது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் வருஷக்கணக்காகத் தெருவில் உட்கார்ந்தார்கள். பாதி வயிற்றோடு ஒருவர் எத்தனை நாள் ஸ்வரம் சொல்லிக் கொடுப்பார்? முழுநேர வேலை, முழுச் சம்பளம், பள்ளிக்கூடத்துக்கு ஒரு சங்கீத வாத்தியார்: சர்க்காரிடம் நான் கேட்பது இது.

கடைசியாகத் தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கீபோர்டு வந்து சேர்ந்தால் அதைப் பீரோவில் பூட்டி, ஆண்டு விழா அன்றைக்கு மட்டும் துடைத்து வெளியே எடுக்க வேண்டாம். குழந்தைகள் தட்டட்டும். ரிப்பேர் ஆனால் ஆகட்டும். பிரித்துச் சரிபண்ணத் தெரிந்தவர்கள் அந்தக் குழந்தைகளின் வீட்டிலேயே இருக்கிறார்கள்.