‘நன்றாக இருக்கிறது’ என்னும் பொய்

தமிழ் எழுத்தாளனைக் கெடுப்பது எது என்று கேட்டால் வறுமை என்பார்கள், பதிப்பாளர் என்பார்கள், சினிமா என்பார்கள். இந்த மூன்றும் சேர்ந்து செய்கிற கெடுதலைவிட அதிகக் கெடுதலை இரண்டே வார்த்தைகள் செய்துவருகின்றன என்பது என் அபிப்பிராயம். ‘நன்றாக இருக்கிறது’ என்பவைதான் அந்த வார்த்தைகள்.

விருத்தாசலத்தில் சமீபத்தில் ஒரு சிறு இலக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மாதம் ஒருமுறை கூடி, அங்கத்தினர் எழுதியதை வாசித்துப் பேசுவது அவர்கள் வழக்கம். நல்ல வழக்கந்தான். அன்று ஓர் இளைஞர் தம் கதையை வாசித்தார். ஐந்து பேர் பேசினார்கள். ஒருவர் மண்வாசனை வீசுகிறது என்றார். இன்னொருவர் செகாவைத் துணைக்கு அழைத்தார். மூன்றாமவர் பொன்னாடை போர்த்தினார். கூட்டம் கலைந்து டீக்கடைக்கு வந்தோம். உண்மையான விமரிசனம் அங்கேதான் ஆரம்பமாயிற்று. முடிவு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. படிக்காத கிழவி பேராசிரியர் மாதிரிப் பேசுகிறாள். நடுவில் வரும் கனவு எதற்கு என்றே தெரியவில்லை. அத்தனையும் சரியான குறைகள். கதையை எழுதியவர் மட்டும் அங்கே இல்லை.

“இதை உள்ளேயே சொல்லியிருக்கலாமே, ஐயா?” என்றேன்.

“வளர்ற புள்ள சார், மனசு ஒடஞ்சிடும். விமரிசனம்னா ஆக்கபூர்வமா இருக்கணும் இல்லையா?” என்றார் அவர்களில் மூத்தவர்.

இந்த ‘ஆக்கபூர்வம்’ என்கிற வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை. வாயை அடைக்க நம்மவர் கண்டுபிடித்த நாகரிகமான துணி அது. குறை சொன்னால் ஆக்கபூர்வமில்லை, புகழ்ந்தால் ஆக்கபூர்வம். இப்படி அர்த்தம் பண்ணிக்கொண்டால் எதை ஆக்கப் போகிறோம்?

அந்த டீக்கடையிலிருந்து சற்றுத் தூரம் போயிருந்தால் பெரியவருக்குப் பதில் கிடைத்திருக்கும். விருத்தாசலம் பீங்கான் ஊர். பொம்மைகளும் ஃபியூஸ் கட்டைகளும் செய்கிற தொழிற்பேட்டை இங்கே இருக்கிறது. அந்தத் தொழிலைக் கற்பிக்க அரசாங்கப் பயிலகமும் இருக்கிறது. களிமண்ணைக் கூழாகக் கரைத்துப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ள, உருவம் திரண்டு நிற்கிறது. எடுத்து உலர்த்துகிறார்கள். அதில் கீறலோ கோணலோ கண்டால் தண்ணீரில் போட்டுவிடலாம். கரைந்து மறுபடி மண்ணாகிவிடும். கொஞ்ச நேரத்து உழைப்புதான் நஷ்டம். சூளைக்குள் போய் வந்த பிறகு இந்தச் சலுகை கிடையாது. சுட்டதை எந்தத் தண்ணீரும் கரைக்காது. விரலால் சுண்டிப் பார்த்து, ‘கணீர்’ என்றால் ஒரு பக்கமும், ‘டொக்’ என்றால் குப்பைப் பக்கமும் வைக்க வேண்டியதுதான்.

பச்சை மண்ணில் கீறலைப் பார்த்தவன், “பாவம், வேலை பழகுகிற பையன், மனசு உடையும்” என்று பேசாமல் இருந்தால் அவனைக் கருணையாளன் என்பார்களா? விரிசல் விட்ட ஃபியூஸ் கட்டையை யார் வீட்டுச் சுவரில் மாட்டுவது?

கையெழுத்துப் பிரதி பச்சை மண், அச்சு சூளை. விமரிசனம் ஆக்கபூர்வமாவது இனிப்பினால் அல்ல, உரிய காலத்தில் வருவதனால்தான். டீக்கடையில் பேசப்பட்ட அதே குறைகளைக் கையெழுத்துப் பிரதியின் மேல் சொல்லியிருந்தால் அது உபகாரம். புத்தகமான பிறகு முதுகுக்குப் பின்னால் சொன்னால் வம்பு. வார்த்தைகள் ஒன்றுதான், இடமும் காலமும் வேறு.

மனசு உடையாமல் காப்பாற்றப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும். பள்ளி ஆசிரியர். மனைவியின் சங்கிலியை அடகு வைத்து ஒரு நாவல் அச்சிட்டார். பிரதியைப் படித்த நண்பர்கள் எட்டுப் பேரும் ‘நன்றாக இருக்கிறது’ என்றவர்கள். கதை நாலாவது அத்தியாயத்தில்தான் ஆரம்பிக்கிறது; முன்னால் உள்ள மூன்றையும் கிழித்திருக்க வேண்டும். எட்டுப் பேருக்கும் இது தெரியும். ஒருவரும் சொல்லவில்லை. கட்டுக் கட்டாகப் புத்தகங்கள் இன்று பரணில் கிடக்கின்றன. அவர் எழுதுவதை விட்டுவிட்டார். மனசு உடைந்ததா, இல்லையா?

உலகத்தில் நல்ல நட்பு எப்படி நடந்துகொண்டது என்று பார்க்கலாம். எலியட்டின் ‘பாழ்நிலம்’ 1922-ல் வெளிவந்தது. கையெழுத்துப் பிரதி எஸ்ரா பவுண்டின் கைக்குப் போனபோது அது ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம். பவுண்ட் பக்கம் பக்கமாக அடித்தார். அந்தப் பிரதி 1971-ல் புத்தகமாகவே வந்திருக்கிறது. அடித்த கோடுகளையும் ஓரக் குறிப்புகளையும் யாரும் பார்க்கலாம். இதில் எனக்குப் பிடித்த விஷயம் இன்னொன்று. அடி மேல் அடி வாங்கிய எலியட், கடலில் மூழ்கிய மாலுமியைப் பற்றிய பகுதியையும் எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். கூடாது, அது அங்கே இருந்தே ஆகவேண்டும் என்றார் பவுண்ட். வெட்டத் தெரிந்தவனுக்குத்தான் காக்கவும் தெரியும். கடைசியில் எலியட் அந்தக் கவிதையைப் பவுண்டுக்கே காணிக்கையாக்கினார்.

அது வெள்ளைக்காரன் சமாசாரம் என்று ஒதுக்கவேண்டாம். விருத்தாசலத்தில் வாழும் இமையத்தின் முதல் நாவல் ‘கோவேறு கழுதைகள்’ 1994-ல் க்ரியா வெளியீடாக வந்தது. க்ரியா ராமகிருஷ்ணன் எழுத்தாளரோடு உட்கார்ந்து பிரதியைப் பார்ப்பதைப் பதிப்பின் முதல் வேலையாகக் கொண்டிருந்தவர். 2020-ல் ‘செல்லாத பண’த்துக்காக இமையத்துக்குச் சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்தது. பொன்னாடைகளால் அடைகிற இடமில்லை அது. அச்சான பிறகும் நேரே பேசியவர்கள் நம்மிடம் இருந்தார்கள். சி. சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை 119 இதழ்கள் ‘எழுத்து’ நடத்தினார், விமரிசனத்துக்கென்றே. தாட்சண்யம் பார்க்காத புதுமைப்பித்தனுக்கோ இயற்பெயரே விருத்தாசலம்!

விமரிசனத்தைப் பெறுகிறவர்களையும் நான் விடுவதாயில்லை. திருமுதுகுன்றம் என்ற பழம்பெயர் கொண்ட இந்த ஊரில் சுந்தரர் 12,000 பொன் பெற்றார். அதை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. பலர் மறந்துவிடுவது ஒன்று உண்டு. ஆற்றில் இடுமுன் ஒரு துண்டை மச்சமாக வெட்டி வைத்துக்கொண்டார். குளத்திலிருந்து எடுத்ததை அதோடு உரைத்துப் பார்த்தார். மாற்றுக் குறைந்திருந்தது. விடாமல் பாடி, சரியான மாற்றைப் பெற்றார். கடவுள் கொடுத்த பொன்னையே உரைகல்லில் உரைத்துப் பார்த்திருக்கிறார்கள். நாம் எழுதிய பத்துப் பக்கக் கதையை உரைத்தால் மட்டும் ஏன் முகம் சுண்டிப்போகிறது?

குறை சொன்னதும், “நான் சொல்லவந்தது என்னவென்றால்...” என்று எழுந்திருக்கிறோம். சொல்லவந்தது கதையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பிரதியோடும் வாசகர் வீட்டுக்குப் போய் விளக்கம் சொல்ல முடியுமா? பேசாமல் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஏற்கவேண்டும் என்று கட்டாயமில்லை. வீட்டுக்குப் போய்த் தள்ளவேண்டியதைத் தள்ளுங்கள். ஆனால் மூன்று பேர் ஒரே இடத்தில் இடறினால், அங்கே கல் இருக்கிறது என்று அர்த்தம்.

சொல்லுகிறவருக்கும் ஒரு வார்த்தை. “கதை தொய்கிறது” என்பது விமரிசனமாகாது. எந்தப் பக்கத்தில், எந்த வரியில் கொட்டாவி வந்தது என்று காட்டுங்கள். “நானாக இருந்தால்” என்று தொடங்கி உங்கள் கதையைச் சொல்லாதீர்கள். அதை உங்கள் வீட்டில் எழுதிக்கொள்ளலாம். குத்துவதில் சந்தோஷம் கொள்ளுகிறவர்களுக்குச் சீத்தலைச் சாத்தனாரை ஞாபகப்படுத்துகிறேன். பிழையான பாட்டைக் கண்டால் அவர் எழுத்தாணியால் தம் தலையில்தான் குத்திக்கொண்டார் என்பது கதை. பிறர் தலையில் அல்ல.

ஆகவே அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒரு யோசனை. கதையை நான்கு நாள் முன்பே பிரதி எடுத்துக் கொடுத்துவிடுங்கள். பொன்னாடைக்கு ஒதுக்கிய பணம் அந்தச் செலவுக்குப் போதும். வருகிறவர்கள் ஆளுக்கொரு பென்சில் கொண்டுவரட்டும்.