சித்தி என்றால் யார்?

“அவ பிள்ளைக்குச் சித்தி முறைதானே, பிறகென்ன பதிவு?” எமக்கு வரும் கேள்விகளில் அரைவாசி இப்படித்தான் தொடங்குகின்றன. கேட்பவர்கள் பெரும்பாலும் பதிவு செய்த சைல்ட்மைண்டர்கள். தமக்காகக் கேட்பதில்லை, தங்கைக்காக அல்லது பக்கத்து வீதி அக்காவுக்காகக் கேட்கிறார்கள். “ஒஃப்ஸ்டெட்டுக்கு அடிச்சுக் கேளுங்கோ” என்று சொல்லிக் கழன்றுகொள்வது நம்மில் பலருக்குப் பழக்கம். எனக்கும்தான்.

இங்கிலாந்தின் அடிப்படை விதி நமக்குப் பாடம். எட்டு வயது நிரம்பாத பிள்ளையை, தன் வீட்டில், நாளுக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல், கூலிக்குப் பார்த்தால் பதிவு வேண்டும். இரண்டு மணித்தியாலம் என்பது பிள்ளைக்குப் பிள்ளை எண்ணப்படுகிறது, வீட்டுக் கதவு எத்தனை மணித்தியாலம் திறந்திருந்தது என்பதல்ல. கூலி என்பதும் காசு மட்டுமல்ல. மாதம் ஒரு மூட்டை அரிசி வாங்கிக் கொடுத்தாலும் அது கூலிதான்.

சிக்கல் உறவில்தான் வருகிறது. 2006ஆம் ஆண்டின் சிறுவர் பராமரிப்புச் சட்டம் உறவினர் யார் என்று ஒரு சின்னப் பட்டியல் வைத்திருக்கிறது: பாட்டன், பாட்டி, பெற்றோரின் உடன்பிறந்தார், பிள்ளையின் உடன்பிறந்தார். தாயோ தகப்பனோ மட்டும் ஒன்றான சகோதரங்களும் இதில் அடக்கம். திருமணத்தால் வந்த உறவும் செல்லும். ஆகவே மாமாவைக் கட்டிய மாமி உறவினர். ஆனால் அம்மாவின் பெரியம்மா மகள்? நம் வீட்டில் அவள் அம்மாவுக்குத் தங்கை, பிள்ளைக்குச் சித்தி. சட்டத்தின் கண்ணில் அவள் அம்மாவின் கசின், பட்டியலில் இல்லாதவள். ஆங்கிலத்தில் ‘ஆன்ட்டி’ என்று சொல்லி விண்ணப்பத்தை நிரப்பினாலும் அவள் அந்த ‘ஆன்ட்டி’ ஆகமாட்டாள். நம் முறைப்பெயர்கள் விரித்த பாயில் சட்டம் ஒரு மூலையில் மட்டுமே உட்கார்ந்திருக்கிறது.

பட்டியலில் இல்லாத சித்திக்கு இன்னொரு வாசல் உண்டு: குடும்ப நண்பர் என்ற விலக்கு. நண்பர் ஒருவர் நாளுக்கு மூன்று மணித்தியாலத்துக்குள் பார்த்தால், காசு வாங்கினாலும் பதிவு தேவையில்லை. காசே கைமாறாத நட்புக்கும் விலக்கு உண்டு. அது வந்த கதை நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 2009இல் பக்கிங்ஹாம்ஷயரில் ஒரே பொலிஸ் வேலையைப் பகிர்ந்துகொண்ட இரு தோழியர், வேலையில்லாத நாளில் மற்றவரின் பிள்ளையை மாறி மாறிப் பார்த்தார்கள். அந்தக் கைமாற்றே கூலி, ஆகவே பதிவில்லாத சைல்ட்மைண்டிங் என்றது ஒஃப்ஸ்டெட். நாடே சிரித்தது, கோபப்பட்டது. விதி மாறியது.

இப்போது ஒரு சாதாரணக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஹரோவில் ஒரு சித்தி, கசினின் இரண்டு பிள்ளைகளை 3.20க்குப் பள்ளிக்கூட வாசலில் கூட்டிக்கொண்டு வந்து, 5.45 வரை பார்க்கிறாள். கிழமை முடிய ஒரு தொகை கைக்கு வருகிறது. இரண்டு மணித்தியாலம் தாண்டிவிட்டது, ஆனால் மூன்றுக்குள் நிற்கிறது. நண்பர் என்ற வகையில் தப்பினாள். யூலை முடிவில் பள்ளிக்கூடம் மூடுகிறது. அதே சித்தி, அதே பிள்ளைகள், காலை 8 முதல் மாலை 6 வரை. விலக்கு அன்றோடு போயிற்று. அவளுக்கு ஒன்றுமே மாறியதாகத் தோன்றாது. நம்மிடம் வருகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த ஆறு கிழமையில்தான். ஆகவே “எத்தனை மணித்தியாலம்?” என்று கேட்டதும் “ஓகஸ்டில்?” என்றும் கேளுங்கள்.

கலியாண வீட்டுக்குப் போகிறவர்களின் பிள்ளையை மாலை 6 முதல் அதிகாலை 2 வரை பார்ப்பவருக்குப் பதிவு வேண்டாம். பிள்ளையின் வீட்டுக்கே போய், இரண்டு குடும்பங்களுக்குள் பார்க்கும் நானிக்கும் கட்டாயமில்லை. இவற்றில் நமக்குள் பெரிய குழப்பம் இல்லை. குழப்பம் எல்லை தாண்டி வாட்ஸ்அப்பில் வரும் அறிவுரையால்தான். கார்டிஃப் மச்சாளுக்கு வயதெல்லை 12, கிளாஸ்கோ அண்ணிக்கு 16. அவர்கள் சொல்வது அவர்கள் ஊருக்குச் சரி.

பதிவு செய்யாமல் பார்ப்பவர்களைப் பற்றி நம் கூட்டங்களில் ஏளனமாகப் பேசுவதை நான் விரும்பவில்லை. அவர்கள் காசுக்குப் பயந்து ஒதுங்குகிறார்கள் என்பதும் சரியான கணிப்பல்ல. சின்னப் பிள்ளைகளுக்கான பதிவேட்டில் சேர விண்ணப்பக் கட்டணம் 35 பவுண். பயம் வேறிடத்தில் இருக்கிறது. வீட்டில் வாழும் 16 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் டிபிஎஸ் சோதனை வேண்டும். மேல் அறையில் வாடகைக்கு இருக்கும் பெடியனுக்கும் வேண்டும். அவன் இருப்பது வீட்டுச் சொந்தக்காரருக்கே தெரியாது என்றால், எந்த அக்கா படிவத்தைத் தொடுவாள்? இதைப் புரிந்துகொள்ளாமல் “பதியுங்கோ, பதியுங்கோ” என்பதில் பயனில்லை.

ஆனால் பயத்தை ஊட்டிப் பெருக்கவும் தேவையில்லை. பதிவில்லாத சைல்ட்மைண்டருக்கு ஒஃப்ஸ்டெட் முதலில் அமலாக்க அறிவித்தல் கொடுக்கலாம். அதன் பின்னும் தக்க காரணமின்றித் தொடர்ந்தால்தான் குற்றம். அதற்கு முன்பே அவள் இழப்பவை இருக்கின்றன: பெற்றோர் வரிச்சலுகைக் கணக்கிலிருந்து அவளுக்குக் காசு கட்ட முடியாது, அரசு செலவேற்கும் மணித்தியாலங்களும் அவளுக்கு வராது. இங்கிலாந்தில் சைல்ட்மைண்டர் தொகை பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ அரைவாசியாகிவிட்ட நேரத்தில், நமக்கும் அவள் வேண்டும்.

உங்கள் வீதியில் அப்படியொருவர் இருந்தால், ஈஸ்டர் விடுமுறைக்கு முன் ஒரு தேநீர் குடிக்கக் கூப்பிட்டு, அவளுடைய ஓகஸ்ட் மாதத்தை நாள் நாளாக எழுதச் சொல்லுங்கள். பதிவு வேண்டும் என்று வந்தால், படிவத்தை நிரப்ப ஒரு பின்னேரம் கூட இருங்கள். மேல் அறைப் பெடியனின் பெயரையும் எழுதத்தான் வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.