"கணக்கில் கெட்டிக்காரனாமே?"

பிரியமானவர்களே, ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தாயிடம் இப்படிக் கேட்பது நமக்கு வழக்கமாகிவிட்டது. ஓர் ஆராதனைக்குப்பின் நானும் கேட்டேன். "பத்து வரை எண்ணவே இன்னும் வரவில்லை, ஐயா" என்றார் அந்தச் சகோதரி. வெட்கினேன்.

இவ்வெண்ணம் பரவியதில், 1988-இல் வெளிவந்த 'ரெயின் மேன்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்துக்குப் பெரும்பங்குண்டு. சிதறிய பல் குத்தும் குச்சிகளை நொடியில் எண்ணிவிடுவான் அதன் நாயகன். ஆனால், அப்பாத்திரத்துக்குத் தூண்டுதலாயிருந்த கிம் பீக்குக்கு ஆட்டிசம் இல்லை என்றே மருத்துவர்கள் பின்னர் கருதினர்!

ஆட்டிசம் உள்ளோரில் கணிதம் கைவந்தவர்களும் உண்டு. கூட்டலே கடினமானவர்களும் உண்டு. நம் கேள்வியோ, திறமையைக் காட்டினால்தான் நம் நடுவே இடம் என்பதுபோல் அத்தாயின் காதில் விழுகிறது.

வருகிற ஞாயிறு அவன் பெயரைக் கேளுங்கள். பாடல்வேளையில் அவன் காதுகளைப் பொத்திக்கொண்டால், ஒலிபெருக்கியைச் சற்றே குறைப்போம்.