ஆடப்படாத இறுதியாட்டம்

விம்பிள்டன் இறுதியாட்டம் நெருங்கினாலே பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்களின் நூலகத் திண்ணைகளில் பழைய புலம்பல் ஒன்று எழும்: 1974இல் டேவிஸ் கோப்பை கைநழுவிப் போயிற்றாம்! இந்தியாதான் அதை வேண்டாமென்றது. ஆஸ்திரேலியாவையும் சோவியத் ஒன்றியத்தையும் வென்று இறுதிக்கு வந்த அணி, நிறவெறி ஆண்ட தென்னாப்பிரிக்காவோடு ஆட மறுத்தது. பந்தொன்றும் அடிக்காமலே கோப்பை அந்நாட்டுக்குப் போயிற்று. விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்களின் இழப்பு மெய்யானது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், விளையாட்டில் அரசியல் எதற்கு என்போர் எந்த மண்ணில் நின்று அப்படிக் கேட்கின்றனர்? பக்கத்து வெங்கானூரின் அய்யன்காளி 1893இல் வில்வண்டியேறிப் பொதுச்சாலையில் சென்றதற்கே ஆதிக்கச் சாதியினர் வழிமறித்தனர். சாலையில் சாதி பார்த்தது கொடுமையெனில், ஆடுகளத்தில் நிறம் பார்த்தோரோடு கைகுலுக்குவது மட்டும் வெறும் விளையாட்டாகிவிடுமா?